மூன்று பத்துக்கு மாறும் கை

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“கேளேன்.”

“சிரிக்கக் கூடாது. யோசிச்சுச் சொல்லுதேன்னும் சொல்லக் கூடாது.”

“நகையா, சேலையா?”

“ரெண்டும் இல்ல. அதவிடச் சின்னது.”

“சின்னதுக்கா இவ்வளவு பீடிகை?”

கல்யாணமான ஏழாம் நாள் சாயங்காலம், தூத்துக்குடியில் உப்பளங்களை ஒட்டிப் போகிற சாலையில் ஸ்கூட்டரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, கடலைப் பார்த்தபடி சுகந்தியும் தவசியும் பேசிக்கொண்டது இது. அவள் அடுத்த வார்த்தைக்கு வாயெடுத்த நேரம் பார்த்துத் தவசியின் போன் அடித்தது. அலுவலகத்தில் ஆறு கம்ப்யூட்டர்களை ஏதோ வைரஸ் பூட்டிவிட்டது, எந்தக் கோப்பும் திறக்கவில்லை, உடனே வா என்றார்கள். அவளை வீட்டில் இறக்கிவிட்டு, “வந்து கேக்கேன், என்ன?” என்று சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் மத்தியானம்தான் திரும்பினான். வந்தவன் கேட்கவில்லை. அவளும் மறுபடி ஆரம்பிக்கவில்லை.

பதினோரு வருடம் ஓடிவிட்டது. மிருதுளா பிறந்து இரண்டாம் வகுப்புக்கும் போய்விட்டாள். அந்தப் பேச்சு தவசிக்கு மறுபடி நினைவுக்கு வருவதற்கான வழி திறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். திறந்தது ஒரு பட்டியலில் இருந்த ஒற்றை வரி.

தவசிமுத்துவுக்கு, கப்பல் சரக்குகளுக்குச் சுங்கத் தாள்கள் தயாரித்துத் தரும் ஒரு நிறுவனத்தில் வேலை. அங்கிருந்த நாற்பத்திரண்டு கம்ப்யூட்டர்களையும் கெட்ட நிரல்கள் அண்டாமல் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. சுகந்திக்கும் அதே அலுவலகம்தான். ஆவணப் பிரிவில் பதினேழாம் இருக்கை. காலையில் ஒரே ஸ்கூட்டரில் வருவார்கள், மாலையில் ஒரே ஸ்கூட்டரில் போவார்கள். ஒட்டிப் பிறந்த ஜோடி என்று அலுவலகத்தில் கேலி பேசுவார்கள். துறைமுகச் சாலையின் காற்று, வண்டியில் போகிற இரண்டு பேரைப் பேசவே விடாது என்பது கேலி பேசியவர்களுக்குத் தெரியாது.

ஒரு காலத்தில் இந்த அலுவலகத்தின் பாதுகாப்பெல்லாம், முருகன் படம் போட்ட காலண்டருக்குப் பின்னால் ஒட்டியிருந்த ஒரு துண்டுச் சீட்டில் இருந்தது. எல்லோருடைய கடவுச்சொல்லும் அதில் இருக்கும். யாராவது சாப்பிடப் போனால் பக்கத்து ஆள் சீட்டைப் பார்த்து அவருடைய வேலையையும் முடித்து அனுப்பிவிடுவார். பிறகு கெட்ட நிரல்களுக்கு மூளை முளைத்தது. மனிதர்களைப் போலவே கடிதம் எழுதின, மனிதர்களைப் போலவே தப்பும் தவறுமாக எழுதின, கடவுச்சொற்களை நொடியில் அள்ளிக்கொண்டு போயின. நாடெங்கும் அலுவலகங்கள் கடவுச்சொல்லைத் தலைமுழுகின. அதன்பின் வந்ததுதான் நாடி.

நாடி ஒரு காவல் நிரல். ஒருவர் விசைகளைத் தட்டும்போது எந்த எழுத்தில் ஓடுகிறார், எந்த எழுத்தில் தயங்குகிறார், எதைத் தப்பாகத் தட்டிவிட்டு அழிக்கிறார் என்பதையெல்லாம் ஒரு மாதம் கூடவே இருந்து படித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அவருடைய கைதான் அவருக்கு அடையாளம். கை மாறினால், உள்ளே வேறு யாரோ, அல்லது வேறு ஏதோ வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே திரையில் ஒரு கேள்வி வரும். பதில் எழுத வேண்டும். பதிலில் என்ன இருக்கிறது என்பது நாடிக்குப் பொருட்டே இல்லை. ஆயுத பூஜைக்கு வாங்கிய பொரி நமுத்துவிட்டது என்று எழுதினாலும் போதும். முந்நூறு எழுத்தாவது தட்டினால், தட்டுகிற விதத்தை வைத்து ஆளைக் கண்டுகொள்ளும். குறைந்தால் இன்னும் கொஞ்சம் எழுதச் சொல்லும். பதிலே வராவிட்டால் இருக்கையைப் பூட்டிவிடும்.

வெளியூரிலிருந்து வந்தபோது அந்தக் கேள்வி போலீஸ்காரர் கேட்பதுபோல் இருந்தது. உன்னை நிரூபி என்கிற தொனி. முதல் நாளே கணக்குப் பிரிவு அம்மாள் ஒருவர் அழுதுவிட்டார். தவசிதான் உட்கார்ந்து வேறு வாசகம் எழுதி மாற்றினான். ‘இன்னைக்கு உங்க கை வேற மாதிரி இருக்கே. நல்லா இருக்கீங்களா?’ என்று கேட்கும். போதாவிட்டால், ‘இன்னும் கொஞ்சம் சொல்லுங்க’ என்று சொல்லும். அலுவலகமே அவனைப் பாராட்டியது. யாரும் படிக்க முடியாதபடி பதில்களுக்கு முத்திரை வைத்ததும் அவன்தான். மேலாளர் எஸ்தரின் சாவியும் அவன் சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும். திறந்தால், யாருடையதைத் திறந்தோமோ அவரிடம் அன்றைக்கே, திறந்தவரே நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று விதியும் எழுதி வைத்தான்.

தினமும் காலையில், கண் விழித்ததும், முந்தின நாள் யார் யாருக்குக் கை மாறியது என்ற பட்டியலை அவன் போனில் பார்ப்பான். சிவப்பு வரிகளை மட்டும்தான் படிப்பான். பச்சை வரி என்றால் நாடி விசாரித்துவிட்டது, ஆள் சரிதான் என்று அர்த்தம். அந்தச் செவ்வாய்க்கிழமை விரல் தவறிப் பச்சை வரி ஒன்று விரிந்தது.

‘இருக்கை 17. கை மாறியது 3.10. விசாரணை 11 நிமிடம். அவரே.’

அவன் சும்மா முந்தின நாளைப் பார்த்தான். அங்கேயும் இருந்தது. அதற்கு முந்தின வாரம், முந்தின மாதம் என்று தள்ளிக்கொண்டே போனான். வேலை நாள் ஒன்று விடாமல், சரியாக மூன்று பத்துக்கு, பதினான்கு மாதமாக அவன் மனைவியின் கை மாறிக்கொண்டிருந்தது. சமையலறையில் அவள் மிருதுளாவுக்கு ஜடை பின்னிக்கொண்டிருந்தாள். அவன் எட்டிப் பார்த்தான். அந்தக் கையில் அவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அலுவலகம் போனதும் சென்னையில் நாடி தயாரிக்கும் நிறுவனத்துக்குப் போன் போட்டான். அங்கே ஃபரீதா என்ற பெண் அவனுக்குப் பழக்கம். பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டான்.

“கை எதுக்கெல்லாம் மாறும் மேடம்?”

“காய்ச்சல், தூக்கமில்லாமை, வீட்ல ஒரு சாவு, வேலைய விடப் போற யோசனை. மனசுல எது நடந்தாலும் விரலுக்குத் தெரிஞ்சிடும் சார். ஏன், யாருக்காவது சிவப்பு வந்திருக்கா?”

“பச்சைதான். ஆனா தினமும் ஒரே நேரத்துக்கு மாறுது.”

“கெட்ட நிரல்னாதான் மணி அடிச்ச மாதிரி வரும். ஆனா ‘அவரே’ன்னு சொல்லுதுன்னா மனுஷங்கதான்.” அவள் சிரித்தாள். “அந்த நேரத்துக்கு யாரையாவது எதிர்பார்த்து உக்காந்திருப்பாங்களோ என்னவோ. என் தங்கச்சிக்கு நிச்சயமான புதுசுல, மாப்பிள்ளை போன் பண்ற நேரம் வந்தா நாடி அவளச் சந்தேகப்படும். ஆறு நாள் தொடர்ந்து பூட்டிட்டுது சார்.”

தவசியும் ஒப்புக்குச் சிரித்துவிட்டு போனை வைத்தான். நெஞ்சுக்குள் மிளகாய் விதை மாதிரி ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டது.

வெளியாள் உள்ளே வந்துவிட்டானா என்று பார்ப்பதுதான் பதினைந்து வருடமாக அவன் தொழில். வேறு விதமாகப் பார்க்க அவனுக்குப் பழக்கமில்லை. விசாரணையின்போது அவள் தட்டிய வேகத்தின் படத்தைத் திறந்தான். எழுத்துகளை நாடி காட்டாது, ஓட்டத்தை மட்டும்தான் காட்டும். முதல் வரி தட்டுத்தடுமாறி இருந்தது. அதன்பின் பத்து நிமிடம், தடங்கலே இல்லாமல், வாய்க்காலில் விட்ட தண்ணீர் மாதிரி ஓடியது. தாள் தயாரிக்கும்போது அவள் இப்படித் தட்டுவதில்லை. இது மனதுக்குப் பிடித்தவரோடு பேசுகிற கை என்று அவனுக்குப் பட்டது.

மூன்று பத்து என்பது அலுவலகத்தில் தேநீர் நேரம். எல்லோரும் வராந்தாவுக்குப் போய்விடுவார்கள். அன்று அவன் கூடத்தின் கண்ணாடிக் கதவோரம் நின்று பார்த்தான். சுகந்தி எழுந்திருக்கவில்லை. பதினாறாம் இருக்கைக்காரன் பிரிட்டோ இரண்டு தம்ளர்களோடு வந்தான். ஒன்றை அவள் மேசையில் வைத்தான், குனிந்து என்னவோ சொன்னான். அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். கடைசிப் பல் தெரியும் அந்தச் சிரிப்பைத் தவசி வீட்டில் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தான். கணக்குக்கே வரவில்லை. பிரிட்டோ வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அது மட்டும் துல்லியமாகக் கணக்குக்கு வந்தது.

பிரிட்டோவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. எல்லோரையும் அண்ணே, அக்கா என்று கூப்பிடுவான். சுகந்தியையும் அக்கா என்றுதான் கூப்பிட்டான். அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள எவனுக்கும் முடியும் என்று தவசி நினைத்தான். அன்று மாலை அவள் வடகத்துக்கு அரிசி அரைத்துக்கொண்டிருந்தபோது வாசல்படியில் நின்று அவளையே பார்த்தான்.

“என்ன அப்படிப் பாக்கீங்க?” என்றாள்.

“ஒண்ணுமில்ல.”

அவள் கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அவன் போனை எடுத்துப் பார்த்தான். அவள் மறுபடி சுவிட்சைப் போட்டாள்.

மறுநாள் காலை தவசி ஒரு காரியம் செய்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்குக் காது சூடாகும். சந்தேகமான நிரல் புகுந்திருக்கலாம் என்று எழுதி, பதினாறாம் இருக்கையைத் தனிமையில் போட்டான். தனிமை என்றால் அந்தக் கம்ப்யூட்டர் எதோடும் பேச முடியாது. நோய் வந்த கம்ப்யூட்டருக்குச் செய்வது. மூன்று நாள் பிரிட்டோவின் இருக்கை ஊமையாகக் கிடந்தது. அவனைத் துறைமுக யார்டுக்கு வெளிவேலை பார்க்க அனுப்பிவிட்டார்கள். வெயிலில் கன்டெய்னர்களுக்கு நடுவே அவன் அலைந்த நேரத்தில், அவன் அனுப்ப வேண்டியிருந்த தாள் ஒன்று பூட்டுக்குள் மாட்டிக்கொண்டது. குளிர்பெட்டி இறால் ஒரு கப்பலைத் தவறவிட்டது. சரக்குக்காரர் வந்து கத்தினார். பிரிட்டோவுக்கு மெமோ கொடுத்தார்கள்.

மெமோ வாங்கிய கையோடு அவன் நேரே தவசியிடம் வந்தான். கோபமாக வந்திருந்தால் தவசிக்கு எளிதாக இருந்திருக்கும்.

“அண்ணே, என் கம்ப்யூட்டர்ல என்ன இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்கண்ணே. நான் எதத் தொட்டேன்னு தெரிஞ்சா இனிமே தொடாம இருந்துக்கிடுதேன்.”

“பாத்துச் சொல்லுதேன்,” என்றான் தவசி. அவன் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான்.

அன்று மாலை ஸ்கூட்டரில் சுகந்தி காற்றுக்கு எதிராகக் குரலை உயர்த்தினாள்.

“பிரிட்டோவுக்கு மெமோவாம்.”

“ம்.”

“அவன் அப்படியெல்லாம் கண்டதத் திறக்கிறவன் இல்ல.”

“உனக்கு அவனப் பத்தி அவ்வளவு தெரியுமோ?”

அவன் தோளில் இருந்த கை மட்டும் எடுபட்டது.

ஆனால் பட்டியல் அவனை ஏமாற்றிவிட்டது. பிரிட்டோ யார்டில் இருந்த மூன்று நாளும், மூன்று பத்துக்கு, பதினேழாம் இருக்கையில் கை மாறியது. மூன்றாம் நாள் விசாரணை பத்தொன்பது நிமிடம் நீண்டிருந்தது. அப்படியானால் ஆள் வேறு. சனிக்கிழமை முழுக்க அவன் கூடத்தில் இருந்த ஒவ்வொரு ஆணையும் பார்த்தான். லாரி கணக்கு எழுதுகிறவர், சுங்கத்திலிருந்து வருகிறவர், குடிதண்ணீர் கேன் போடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும் கோவிலிலும் இருக்க வேண்டிய ஜனங்களெல்லாம் அவன் மண்டைக்குள் வரிசையில் நின்றார்கள். நாடியிடம் எழுதியதில் அந்த ஆளின் பெயர் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. தோன்றியபின் உட்கார முடியவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் எஸ்தரின் அறைக்குப் போனான். ஐம்பத்தெட்டு வயது, குட்டை முடி, எதையும் இரண்டு முறை கேட்காத பெண்மணி. இருக்கை பதினேழில் மனிதரைப் போல் நடிக்கும் ஏதோ ஒன்று இருக்கலாம், முத்திரையைத் திறந்து பார்க்க வேண்டும் என்றான்.

“பதினேழு சுகந்திதான?” என்றார் எஸ்தர்.

“ஆமா மேடம். யாரா இருந்தாலும் விதி ஒண்ணுதான.”

எஸ்தர் கையிலிருந்த கோப்பை மூடி வைத்தார். பிறகு சாவியை எடுத்தார். விதிப்படி இரண்டு பேரும் சேர்ந்துதான் படிக்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் பதில் பதினான்கு மாதத்துக்கு முந்தையது.

‘இட்லிச் சட்டி ஆவி வலது கையில அடிச்சுட்டுது. இடது கையால தட்டுதேன், அதான் உனக்கு வேற மாதிரி தெரியுது. மத்தபடி நல்லா இருக்கேன்.’

‘இன்னும் கொஞ்சம் சொல்லுங்க.’

‘இன்னும் என்னத்தச் சொல்ல. கட்டுப் போட்டிருக்கு, எரியுது. காலையில இருந்து நீ ஒருத்தன்தான் கேட்டிருக்க.’

தவசிக்கு அந்தக் கட்டு ஞாபகம் இருந்தது. அன்று காலை ஸ்கூட்டரில் ஏறும்போது, பிடித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருந்தான். முடியும் என்றாள். கிளப்பிவிட்டான்.

இரண்டு வாரம் தள்ளி இன்னொன்று.

‘கை ஆறிட்டுது. சும்மாதான் இடது கையால தட்டிப் பாத்தேன். நீ கேப்பியான்னு. கேட்டுட்ட.’

எஸ்தர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“இதுல வைரஸ் ஒண்ணும் இல்ல தம்பி. மிச்சத்த நீங்களே படிங்க.”

அவன் படித்தான். எல்லாம் ஒன்றுமில்லாத விஷயங்கள். மிருதுளா வகுப்பில் சிங்கமாக நடித்துவிட்டுக் கர்ஜிக்க மறந்து போனாள். அம்மாவுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. பிரிட்டோவின் மனைவிக்கு ஏழாம் மாதம். புளியங்காய் ஊறுகாய் கேட்கிறாள், கடையில் வாங்கினால் அது வேறு ருசி என்று திருப்பித் தருகிறாள், அக்கா நீங்கதான் என் குடும்பத்தைக் காப்பாத்தணும் என்று அவன் தினம் டீயோடு வந்து கெஞ்சுகிறான். ஜன்னலில் வந்து உட்காருகிற கடற்காக்கைக்கு ஒரு கால் நொண்டி. இப்படியே நானூறு பக்கம் இருக்கும். அத்தனைக்கும் நாடி சொன்னது ஒன்றுதான். இன்னும் கொஞ்சம் சொல்லுங்க. முந்நூறு எழுத்துக்காகக் கேட்டது அது. அவள் அதற்கு வாழ்க்கையையே சொல்லியிருந்தாள்.

கடைசியில், போன வெள்ளிக்கிழமை பத்தொன்பது நிமிடம் தட்டியது வந்தது.

‘கொச்சிக் கிளைக்குக் கூப்பிடுதாங்க. ஆவணப் பிரிவே என் கையில. வர்ற வெள்ளிக்குள்ள சொல்லணும். மிருதுவக் கூட்டிக்கிட்டுப் போயிடலாம்னு இருக்கு. இவருகிட்டக் கேக்கணும். இவரு காலையில கண்ணத் தொறந்ததும் உன் பட்டியலத்தான் பாக்காரு, எங்க மூஞ்சியப் பாக்கதில்ல. நாப்பத்திரண்டு பேருக்குக் கை மாறினா இவருக்குத் தெரிஞ்சுடுது. பதினாலு மாசமா தினம் மூணு பத்துக்கு என் பேரு அந்தப் பட்டியல்ல போயி நிக்கி. என்ன ஆச்சுட்டின்னு ஒரு நாள் வந்து கேப்பாருன்னு பாக்கேன். உன்னப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு. நீ கேக்குதது கூட நான் சொல்லிக் குடுத்ததுதான், தெரியுமா உனக்கு?’

தவசி திரையிலிருந்து கண்ணை எடுத்தான். சாப்பாட்டு மேசை ஞாபகத்துக்கு வந்தது. நாடிக்கு வாசகம் எழுத உட்கார்ந்த சாயங்காலம். ஒன்றும் ஓடாமல், தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவளிடம், எப்படிக் கேட்டால் ஆட்கள் பயப்பட மாட்டார்கள் என்று கேட்டான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். நல்லா இருக்கீங்களான்னு கேக்கணும், என்றாள். சொன்னதும் போயிடக் கூடாது, இன்னும் கொஞ்சம் சொல்லுங்கன்னு சொல்லணும், என்றாள். அவன் அதை அப்படியே எழுதிக்கொண்டான். ரொம்ப நல்லா இருக்கு என்றும் சொன்னான். அவள் சிறிது நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து மிச்சத் தட்டுகளைக் கழுவப் போனாள்.

எழுதியது மட்டும்தான் அவன் செய்தது. நாற்பத்திரண்டு பேருக்குக் கொடுத்தான். “கொச்சி,” என்று வாய் தானாக முணுமுணுத்தது.

“கொச்சிக்குப் பேரு குடுத்தது நான்தான்,” என்றார் எஸ்தர், ஜன்னலைப் பார்த்தபடியே. “வீட்ல பேசிட்டுச் சொல்லுதேன்னா. இன்னும் பேசலைன்னு தெரியுது.” பிறகு திரும்பினார். “பதினாறாம் இருக்கையிலயாவது நிஜமா ஏதும் இருந்துச்சா?”

“இல்ல மேடம்.”

“மெமோவ நான் திரும்ப வாங்கிக்கிடுதேன். எதுக்குக் குடுத்தோம்னு அந்தப் பையன்கிட்ட நீங்க சொல்லணும். நாளைக்கு உங்க வேலை என்னாகும்னு நாளைக்குப் பேசலாம். இன்னைக்கு ஒரு விதி இருக்கு. நீங்க எழுதினதுதான?”

மணி மூன்று ஒன்பது.

கூடம் காலியாகிக்கொண்டிருந்தது. வராந்தாவில் தம்ளர்கள் இடிபடும் சத்தம் கேட்டது. தவசி நாற்பத்திரண்டு மேசைகளுக்கு நடுவே நடந்தான். கூடத்தின் பாதிக்கு வந்தபோது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது; பதினேழுக்கு மட்டும் போன வாரம் தனியாக அறிவிப்பு வைத்திருந்தான். எடுத்துப் பார்த்தான். ‘இருக்கை 17. கை மாறியது.’ பத்தடி தூரத்தில் சுகந்தி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். வலது கை மடியில் இருந்தது. இடது கை ஒரு விரலால் தட்டிக்கொண்டிருந்தது, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

பிரிட்டோவின் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். போனை மேசையில் கவிழ்த்து வைத்தான். அவள் திடுக்கிட்டுத் திரையைக் கையால் மறைத்தாள். விரல்களுக்கு நடுவே அந்தக் கேள்வி தெரிந்தது. இன்னைக்கு உங்க கை வேற மாதிரி இருக்கே.

“முத்திரையத் திறந்துட்டேன்,” என்றான். “உன்னோடத. விதிப்படி நான்தான் வந்து சொல்லணும்.”

அவள் கையை எடுக்கவில்லை. “வைரஸ்னு நினைச்சீங்களா?”

“எஸ்தர் மேடத்துகிட்ட அப்படிச் சொன்னேன்.”

“நினைச்சது என்ன?”

“யாரோ ஒருத்தன்னு நினைச்சேன். பிரிட்டோன்னு நினைச்சேன்.”

அவள் அவனையே பார்த்தாள். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் காணாமல் போனது.

“அப்ப அந்த மெமோ?”

“நான்தான்.”

“அவன் பொண்டாட்டி ரெண்டு நாளாச் சாப்பிடலையாம். மாசமா இருக்கிறவ.” குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும். “நான் சொன்னத இது யாருகிட்டயும் சொல்லாதுன்னு எழுதி வச்சது நீங்க. அத நம்பித்தான் சொன்னேன். கேக்க வேண்டியவரு கேக்காம, திருடித் தெரிஞ்சுக்கிட்டிருக்கீங்க.”

“ஆமா,” என்றான்.

திரையில் ‘இன்னும் கொஞ்சம் சொல்லுங்க’ என்று வந்து நின்றது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். வராந்தாவில் யாரோ எதற்கோ சிரித்தார்கள். ஜன்னல் கட்டையில் நொண்டிக் கடற்காக்கை வந்து உட்கார்ந்து, உள்ளே ஒருவருக்குப் பதில் இருவர் இருப்பதைப் பார்த்துத் தலையைச் சாய்த்தது.

“அன்னைக்கு உப்பளத்துக்கிட்ட என்னமோ கேக்கணும்னு சொன்ன,” என்றான் தவசி.

“என்னைக்கு?”

“நகையும் இல்ல, சேலையும் இல்ல. அதவிடச் சின்னதுன்னு சொன்ன. நான் வந்து கேக்கேன்னு போனேன்.”

அவள் மடியில் கிடந்த வலது கையை இடது கையால் பற்றிக்கொண்டாள். மணிக்கட்டில் அந்த ஆவிச் சூட்டின் தடம், ரோஜா நிறத்தில், ஒரு காசு அகலத்துக்கு இருந்தது. பதினான்கு மாதமாக அவன் பார்க்காத தடம். திரையில் நாடி இன்னொரு முறை கேட்டது. அவள் தட்டவில்லை. மூன்றாவது முறையும் கேட்டுவிட்டு, உள்ளே இருப்பது சுகந்தி இல்லை என்று முடிவுக்கு வந்து, இருக்கையைப் பூட்டிக்கொண்டது. திரை கறுத்தது. கவிழ்த்து வைத்த போன் மேசையில் விடாமல் அதிர்ந்தது. பூட்டைத் திறக்க அந்த அலுவலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் எழுந்திருக்கவில்லை.

அது தானாக அதிர்ந்து ஓயும்வரை சுகந்தி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கொச்சிக்குப் போறேனா இல்லையான்னு வெள்ளிக்கிழமை சொல்லுதேன்,” என்றாள். “மன்னிச்சுட்டேன்னும் நினைச்சுக்கிடாதீங்க. அது வேற.”

“சரி.”

“அன்னைக்குக் கேக்க நினைச்சது இப்பக் கேட்டா வெக்கமா இருக்கு. அவ்வளவு சின்னது.”

அவன் காத்திருந்தான். அவள் நாற்காலியைக் கறுத்த திரையிலிருந்து அவன் பக்கமாகத் திருப்பினாள்.

“தினம் ஒரு தடவ, நல்லா இருக்கியான்னு என்கிட்டக் கேளுங்க. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் எந்திரிச்சுப் போகாதீங்க.”